கோட்டைத் தாண்டாத மனுஷன்: வால்டர் பேட்டன்

ராத்திரி தூக்கம் வராம போன்ல எதையோ தேடிட்டு இருந்தப்ப ஒரு பழைய வீடியோ கண்ணுல பட்டுச்சு. 1977ல எடுத்தது, கலரெல்லாம் வெளுத்துப்போய் கெடக்கு. சிகாகோ பேர்ஸ் டீம்ல 34ம் நம்பர் ஜெர்சி போட்ட ஒருத்தர் பந்தை வாங்கிட்டு ஓடுறாரு, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் ஆளுங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து இடுப்பைப் புடிக்கிறாங்க, காலைப் புடிக்கிறாங்க, தோள்ல வந்து மோதுறாங்க, அவரு உதறிட்டுப் போய்க்கிட்டே இருக்காரு. இதோ விழுந்துட்டாருன்னு நாம நெனைக்கிற நேரத்துல மறுபடி நிமிந்து ஓடுறாரு. அவ்வளவு போராட்டத்துக்கும் கெடச்சது மொத்தமே 18 யார்டுதான். எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்குற டச் டவுன் கூட இல்ல. ஆனா அந்த 18 யார்டை நான் அன்னைக்கு ஒரு 20 தடவையாவது ஓட்டி ஓட்டிப் பாத்திருப்பேன். அப்புறம் அந்த ஆளைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சு, கடைசியில இதை எழுதாம இருக்க முடியலன்னு ஆயிடுச்சு.

அவரு பேரு வால்டர் பேட்டன். அமெரிக்கன் ஃபுட்பால்ல ரன்னிங் பேக். இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன், மிச்சம் தெரியாட்டியும் பரவால்ல. டீமோட ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் கையில இருந்து பந்தை வாங்கிட்டு எதிராளிங்க கூட்டத்துக்குள்ள பூந்து ஓடுறதுதான் ரன்னிங் பேக் வேலை. கபடில பாடிப் போறவனை எல்லாரும் சேந்து அமுக்குவாங்கல்ல, அந்த மாதிரி ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து அமுக்கித்தான் ஓட்டம் முடியும், வர்றவங்க ஒவ்வொருத்தரும் 100 கிலோ, 120 கிலோ. இதுல ஒரு தப்பிக்கிற வழி இருக்கு. மைதானத்தோட ஓரத்துல சைடுலைன்னு ஒரு கோடு, அதைத் தாண்டி வெளிய காலை வெச்சுட்டா ஆட்டம் அந்த இடத்துலயே நின்னுடும், யாரும் மேல வந்து விழக்கூடாது. நெறைய பேரு அப்படித்தான் செய்வாங்க, அதுல ஒரு அவமானமும் கெடையாது, உடம்பைக் காப்பாத்திக்கிற புத்திசாலித்தனம் அது. பேட்டன் அதைச் செய்ய மாட்டாரு. கோட்டுக்கிட்ட போய் மாட்டிக்கிட்டா, வெளிய போறதை விட்டுட்டு, தொரத்திட்டு வர்றவன் மேலயே திரும்பி மோதுவாரு. இன்னும் ஒரு யார்டு கெடைக்கும்ங்கிறதுக்காக.

அவரு பொறந்தது மிசிசிப்பி மாநிலத்துல கொலம்பியாங்கிற சின்ன ஊரு. கறுப்பினப் புள்ளைங்களும் வெள்ளைக்காரப் புள்ளைங்களும் தனித்தனி ஸ்கூல்ல படிச்ச காலம், அவரு ஹைஸ்கூல் முடிக்கப் போற நேரத்துலதான் ரெண்டையும் ஒண்ணாச் சேத்தாங்க. அண்ணன் எட்டி பேட்டன் ஸ்கூல் டீம்ல ஆடிட்டு இருந்தாரு, அவரோட போட்டி போட வேண்டாம்னு தம்பி பேண்டு வாத்தியக் குழுவுல டிரம்ஸ் அடிச்சுக்கிட்டு இருந்தாராம். அண்ணன் ஸ்கூலை முடிச்சுட்டுப் போன அப்புறம்தான் களத்துல எறங்கினாரு. அந்த அண்ணனும் பின்னாடி அமெரிக்காவோட பெரிய ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடினாரு, அது வேற கதை.

தெற்குப் பக்கத்துப் பெரிய யுனிவர்சிட்டிங்க அப்ப கறுப்பினப் பசங்களை எடுக்குறதே கொறைவு. பேட்டன் போய்ச் சேந்தது ஜாக்சன் ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்குன்னே உருவான கல்லூரி. அங்க பாப் ஹில்னு ஒரு கோச். அவரு சொல்லிக் குடுத்ததைத்தான் பேட்டன் கடைசி வரைக்கும் தன்னோட மந்திரமா வெச்சிருந்தாரு: லேசுல செத்துடாதே. அதாவது உன்னை எப்படியும் சாய்க்கத்தான் போறாங்க, ஆனா சாய்க்கிறவனுக்கும் வலிக்கணும். அடி வாங்குறதுக்கு முன்னாடி அடியை நீ குடுன்னு அர்த்தம். பேட்டன் ஓடுறதைப் பாத்தீங்கன்னா புரியும், பந்து இல்லாத கையை நீட்டி எதிராளி நெஞ்சுலயோ தலையிலயோ ஒரு குத்து விடுவாரு, தடுக்குறதுக்காக நீட்டுற கை மாதிரியே இருக்காது அது.

காலேஜ் ஆட்டக்காரங்களை டீமுங்க முறை வெச்சு எடுக்குற டிராஃப்ட்ல, 1975ல 4வது ஆளா சிகாகோ பேர்ஸ் எடுத்தாங்க. மொத ஆட்டத்துல 8 தடவை பந்தை வாங்கி ஓடினாரு, கெடச்சது 0 யார்டு. ஒண்ணு கூட இல்ல. அந்த வருஷம் டீம் ஆடின 14 ஆட்டத்துல 10 தோல்வி. கணுக்கால்ல அடின்னு ஒரே ஒரு ஆட்டத்துல கோச்சுங்க அவரை உக்கார வெச்சாங்க, என்னால ஆட முடியும்னு அவரு சொன்னதை யாரும் கேக்கல. அதுக்கப்புறம் 13 சீசன் முடியிற வரைக்கும் காயம்னு ஒரு ஆட்டத்தைக் கூட அவரு விடல. ரன்னிங் பேக்குங்க நாலஞ்சு வருஷத்துலயே முட்டி போயி காணாமப் போற ஆட்டத்துல இது.

எப்படி முடிஞ்சுச்சுன்னா, அந்தப் பயிற்சி. மிசிசிப்பில இருந்தப்ப பேர்ல் ஆத்து மணல் மேட்டுல ஓடுவாரு, வெயில்ல, கால் புதையப் புதைய. சிகாகோ வந்த அப்புறம் ஆர்லிங்டன் ஹைட்ஸ்ங்கிற எடத்துல செங்குத்தா ஒரு மேடு கண்டுபுடிச்சாரு, முன்னாடி குப்பை கொட்டின எடமாம் அது. சீசன் இல்லாத மாசங்கள்ல அதுல ஏறி எறங்கி ஏறி எறங்கி ஓடுவாரு. கூட ஓடிப் பாக்கலாம்னு வந்த மத்த ஆட்டக்காரங்க பாதியில வாந்தி எடுத்துட்டு உக்காந்துடுவாங்களாம். ஆளு ஒண்ணும் பெரிய உருவமும் இல்ல, 5 அடி 10 அங்குலம், 90 கிலோ. அவரை விட வேகமா ஓடுறவங்க அந்தக் காலத்துலயே இருந்தாங்க. அவருகிட்ட இருந்தது ஆட்டத்தோட கடைசிக் கால்மணி நேரத்துலயும் மொத கால்மணி நேரத்துல இருந்த அதே கால்.

1977 நவம்பர் 20, மினசோட்டா வைக்கிங்ஸோட ஆட்டம். பேட்டனுக்கு ஃப்ளூ, காய்ச்சல் அடிக்குது. அன்னைக்கு 40 தடவை பந்தைத் தூக்கிட்டு ஓடி 275 யார்டு எடுத்தாரு. ஒரே ஆட்டத்துல அதுக்கு முன்னாடி யாருமே அவ்வளவு எடுத்ததில்ல, 2000ம் வருஷம் வரைக்கும் அந்த ரெக்கார்டை யாரும் தொடல. இவ்வளவுக்கும் பேர்ஸ் ஜெயிச்சது வெறும் 10-7. அந்த ஒரு ஸ்கோரைப் பாத்தாலே அந்த டீம் எந்த நெலமையில இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும், எதிராளிக்கு முன்கூட்டியே தெரியும் பந்து பேட்டன்கிட்டதான் போகும்னு, தெரிஞ்சும் நிறுத்த முடியல. அந்த வருஷம் லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் அவருதான்.

அவரு ஓடுறது மட்டும் இல்ல. குவார்ட்டர்பேக்கை அடிக்க வர்றவனைக் குறுக்கப் பாஞ்சு தடுப்பாரு, பந்தைப் புடிப்பாரு, 8 டச் டவுன் பாஸ் கூட எறிஞ்சிருக்காரு, 1984ல குவார்ட்டர்பேக்குங்க அடிபட்டுக் கெடந்தப்ப அந்த எடத்துலயே நின்னு ஆடினாரு. டச் டவுன் அடிச்சா ஆட்டம் போட மாட்டாரு, தனக்கு வழி உண்டாக்கிக் குடுத்த லைன்மேன் கையில பந்தைக் குடுத்துடுவாரு. எனக்குப் புடிச்ச சின்ன விஷயம் ஒண்ணு இருக்கு. கீழ விழுந்து மேல நாலு பேரு கெடக்குறப்பவும் கையை நீட்டிப் பந்தை மெதுவா ரெண்டு அங்குலம் முன்னாடி தள்ளி வெப்பாரு, ரெஃப்ரி பாக்குறதுக்குள்ள. அவ்வளவு முரட்டுத்தனமா ஆடின ஆளுக்கு ஸ்வீட்னஸ்னு செல்லப்பேரு.

1984 அக்டோபர் 7ம் தேதி ஆட்ட வாழ்க்கை முழுக்க ஓடி எடுத்த மொத்தக் கணக்குல ஜிம் பிரவுனோட 12,312 யார்டு ரெக்கார்டைத் தாண்டினாரு. ஆட்டத்தை நிறுத்தி எல்லாரும் சூழ்ந்துக்கிட்டாங்க, அவரு சீக்கிரம் மைதானத்தைக் காலி பண்ணுங்க, ஆட்டம் பாக்கி இருக்குன்னு கைகாட்டிட்டு இருந்தாரு.

அடுத்த வருஷம்தான் 1985 பேர்ஸ். 15 ஜெயிப்பு, 1 தோல்வி. கோச் பட்டி ரயன் நடத்தின டிஃபென்ஸ், மைக் சிங்கிள்டரி, ரிச்சர்ட் டென்ட்னு எதிராளியைக் கதிகலங்க வெச்ச கூட்டம். 1986 ஜனவரி 26ல நியூ ஆர்லியன்ஸ்ல 20வது சூப்பர் பவுல், அதாவது லீக்கோட இறுதி ஆட்டம், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46-10னு நசுக்கிட்டாங்க. பல வருஷம் தடுமாறிட்டு இருந்த டீமைத் தோள்ல சொமந்த மனுஷனுக்கு அதுதான் ஒரே சூப்பர் பவுல். அதுல பேட்டனுக்கு ஒரு டச் டவுன் கூட இல்ல. ஆரம்பத்துலயே ஒரு தடவை பந்தைக் கைநழுவ விட்டுட்டாரு, 22 தடவை ஓடி 61 யார்டுதான், ஏன்னா பேட்ரியட்ஸ் ஆளுங்க மொத்தமா அவரையே குறி வெச்சிருந்தாங்க. அதனாலதான் மத்தவங்களுக்கு எடம் கெடச்சது, சரி. ஆனா கோட்டுக்கு 1 யார்டுல பந்து இருக்குறப்ப கோச் மைக் டிட்கா அதை யாருகிட்ட குடுத்தாரு தெரியுமா, வில்லியம் பெர்ரிகிட்ட, ரெஃப்ரிஜிரேட்டர்னு பேரெடுத்த 140 கிலோ டிஃபென்ஸ் ஆளு. ஊரே கைதட்டிச் சிரிச்சுது. ஆட்டம் முடிஞ்சதும் டீம் கொண்டாடுது, பேட்டன் ஒரு சின்ன ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாரு. தன்னோட வாழ்க்கையிலயே பெரிய வருத்தம் அதுதான்னு டிட்கா பின்னாடி எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. அது சுயநலம், டீம் ஜெயிச்சா போதாதான்னு சிலர் எழுதுறாங்க. எனக்கு அப்படித் தோணல. 11 வருஷம் ஒருத்தன் உழுத நிலத்துல அறுவடை அன்னைக்கு ஒரு கைப்பிடி நெல்லு அவனுக்குக் குடுக்க மறந்துட்டா, அவன் மனசு வலிக்கத்தான் செய்யும். எனக்கு இன்னைக்கும் அந்த 1 யார்டு உறுத்துது.

கடைசி ஆட்டம் 1988 ஜனவரி 10, சிகாகோவுல சோல்ஜர் ஃபீல்டு, வாஷிங்டனோட பிளே ஆஃப். 21-17னு பின்தங்கி, நேரம் முடியப் போகுது, நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, பந்தைத் தக்க வெச்சுக்க 8 யார்டு வேணும். பந்து பேட்டன்கிட்ட வந்துச்சு. ஓடினாரு, இன்னும் ஒரு எட்டு எடுத்து வெச்சிருந்தா போதும், அதுக்குள்ள சைடுலைனுக்கு வெளிய தள்ளிட்டாங்க. 13 வருஷம் தானா வெளிய போகாத ஆளை, கடைசி தடவை அவங்க தள்ளித்தான் வெளிய அனுப்ப வேண்டியிருந்துச்சு. எல்லாரும் போன அப்புறமும் பெஞ்சுல தலையைக் கையில புடிச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருந்தாரு.

மொத்தம் 16,726 யார்டு. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், அது 15 கிலோமீட்டர் சொச்சம். நடந்தா மூணு மணி நேரத்துல போயிடலாம். அந்த 15 கிலோமீட்டரைக் கடக்க அவருக்கு 13 வருஷம் ஆச்சு, 3,838 தடவை பந்தைத் தூக்கிட்டு ஓட வேண்டியிருந்துச்சு, ஒரு தடவைக்கு சராசரி 4 மீட்டர். பாஸ் புடிச்சு ஓடினதையும் சேத்தா 4,000 தடவைக்கு மேல. ஒவ்வொரு நாலு மீட்டருக்கும் ஒருத்தன் வந்து தரையில அடிக்கிறான், எந்திரிச்சு வந்து மறுபடி நிக்குறாரு. 16,726ங்கிற நம்பரை எல்லாரும் பேசுறாங்க, எனக்கு அந்த எந்திரிச்ச கணக்குதான் பெருசாத் தெரியுது. இப்ப தலைக் காயத்தைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் அப்ப தெரியாது, இன்னைக்கு ஒரு பையன் அவரை மாதிரி ஆடணும்னு சொன்னா நான் வேண்டாம், கோட்டைத் தாண்டிப் போயிடுடான்னுதான் சொல்லுவேன். பேட்டனைப் பாத்து மலைக்கிறதும் இதுவும் எனக்குள்ள ஒண்ணாத்தான் இருக்கு.

ஓய்வுக்கு அப்புறம் கார் ரேஸ் ஓட்டினாரு, ரேஸ் டீம் ஒண்ணுல பங்குதாரரா இருந்தாரு, செயின்ட் லூயிஸுக்கு ஒரு என்எஃப்எல் டீம் கொண்டுவந்து அதுல முதலாளி ஆகணும்னு முயற்சி பண்ணினாரு, அது கைகூடல. 1993ல ஹால் ஆஃப் ஃபேம். மேடையில அவரை அறிமுகப்படுத்திப் பேசினது 12 வயசு மகன் ஜாரெட்.

1999 பிப்ரவரில பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டாரு. ஆளைப் பாத்தவங்க அதிர்ந்துட்டாங்க, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளன்னு தொங்குது, கண்ணுல கருப்புக் கண்ணாடி. பிரைமரி ஸ்கிளீரோசிங் கோலாஞ்சைட்டிஸ்னு ஒரு அபூர்வ வியாதி, கல்லீரல்ல இருந்து பித்தநீர் போற குழாய்ங்க தழும்பேறி அடைச்சுக்கும், பித்தம் தேங்கித் தேங்கிக் கல்லீரலே கெட்டுப்போகும். மாத்துக் கல்லீரல் வெச்சாத்தான் வழி. பயமா இருக்கான்னு ஒருத்தர் கேட்டாரு. கோட்டுக்கிட்ட திரும்பி நின்னு மோதின அந்த மனுஷன் அழுதுட்டாரு. ஆமா பயமாத்தான் இருக்கு, உங்களுக்கு இருக்காதான்னு திருப்பிக் கேட்டாரு. நான் அவரைப் பத்திப் படிச்சதுலயே அதிகமா நின்னுபோன எடம் இதுதான், வீடியோவை மூடிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அப்புறம் பித்தக் குழாய்ல புற்றுநோய்னு தெரிஞ்சுது, அதனால மாத்து அறுவை சிகிச்சைக்கும் வழி இல்லாமப் போச்சு. தனக்கு இனிமே உதவாதுன்னு தெரிஞ்சும் உறுப்பு தானம் பண்ணுங்கன்னு மத்தவங்களுக்காகப் பேசிக்கிட்டே இருந்தாரு. ஆட்டத்துல அவருக்கு முன்னாடி ஓடி வழி உண்டாக்கின ஃபுல்பேக் மேட் சூயிதான் கடைசி மாசங்கள்ல கூடவே இருந்து கார் ஓட்டிக் கூட்டிட்டுப் போனாரு. நவம்பர் 1ம் தேதி பேட்டன் போயிட்டாரு. 50 வயசு கூட ஆகல. சமுதாயத்துக்கு நல்லது பண்ற ஆட்டக்காரருக்கு என்எஃப்எல் வருஷா வருஷம் குடுக்குற மேன் ஆஃப் த இயர் விருதை 1977ல அவரே வாங்கியிருந்தாரு, இப்ப அது அவரு பேருலதான் இருக்கு.

அவரு போன ஆறாவது நாள், நவம்பர் 7, கிரீன் பே பேக்கர்ஸோட அவங்க மைதானத்துல பேர்ஸுக்கு ஆட்டம். அதுக்கு முன்னாடி தொடர்ச்சியா 10 தடவை பேக்கர்ஸ்கிட்ட தோத்திருந்தாங்க. பேர்ஸ் 14, பேக்கர்ஸ் 13, கடைசி நொடி, பேக்கர்ஸுக்கு ஒரு ஃபீல்டு கோல், பந்தை உதைச்சுக் கம்பத்துக்கு நடுவுல அனுப்பினா 3 புள்ளி, கிட்டக்க இருந்து அடிக்கிறது, உள்ள போனா முடிஞ்சுது. பிரையன் ராபின்சன்னு ஒரு பெரிய உருவம், டிஃபென்ஸ் லைன்ல நிக்குற ஆளு, கையைத் தூக்கி எகிறினாரு, பந்து அவரு கையில பட்டுத் தெறிச்சுது. என்னால அவ்வளவு ஒசரம் எகிற முடியாது, வால்டர்தான் என்னைக் கொஞ்சம் தூக்கி விட்டிருப்பாருன்னு ஆட்டம் முடிஞ்சு அவரு சொன்னாரு.