மண்ணைச் சோதித்து, நிழலைப் பார்த்து

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் வரும் மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவோம். அந்த மண்ணிலேயே சுவர் எழுப்பிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. செங்கல் சுட சூளை ஆயிரம் டிகிரியை ஒட்டி எரிய வேண்டும். அழுத்திச் செய்யும் மண் கல்லுக்குச் சூளையே வேண்டாம்; நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சிமென்ட் சேர்த்தால் போதும்.

முதல் தொகுதி கல்லில் மூன்றாம் நாளே விரிசல். மண்ணைச் சோதிக்காமல் இறங்கியதுதான் காரணம். அப்புறம்தான் கண்ணாடி பாட்டில் சோதனையைச் செய்தேன். மேல்மண்ணை நீக்கிவிட்டு, அடிமண்ணைப் பாட்டிலில் கால் பாகம் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டு நன்றாகக் குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படிந்தது. அதன்மேல் வண்டல். களிமண் மட்டும் கலங்கியபடியே நின்று, மறுநாள்தான் இறங்கியது. அளந்து பார்த்தால் களி மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! காயும்போது சுருங்கி வெடிக்காமல் என்ன செய்யும்? மணல் கலந்து களியைக் குறைத்தேன்.

ஈரப்பதத்துக்குக் கை வைத்தியம் ஒன்று உண்டு. கலவையைக் கையில் உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. அப்படியே சப்பையாக ஒட்டினால் தண்ணீர் அதிகம், பொடிப்பொடியாக உதிர்ந்தால் குறைவு. காலையும் மதியமும் வெயில் மாறுவதால், ஒவ்வொரு கலவைக்கும் இதைச் செய்தோம்.

இன்னொரு தவறும் நடந்தது. கல் சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் அடுக்கினேன். மண் கல்லுக்கும் சிமென்ட் கெட்டிப்பட ஈரம் வேண்டும். நிழலில் அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, தண்ணீர் தெளித்து, 28 நாள் காத்திருந்த பிறகுதான் சுவரில் ஏற்றினோம். கொத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது, எனக்கும்தான். ஆனால் அந்தத் தொகுதியில் ஒரு கல்கூட வெடிக்கவில்லை. மழைச் சாரல் சுவரில் அடிக்காதபடி கூரையை நீட்டியதும், அடியில் கருங்கல் பீடம் கொடுத்ததும் கட்டாயம் செய்ய வேண்டியவை.

அதே வீட்டு மாடியில் சோலார் பேனல் வைத்த வேலை இதைவிடச் சுலபம். ஆனால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்று மங்கினால் மற்றவையும் சேர்ந்து இழக்கும். தொட்டியை இடம் மாற்றினேன். பேனலுக்கு அடியில் காற்று ஓட இடைவெளியும் விட்டேன். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும்; உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவிதான் சோலார் இன்வெர்ட்டர். தெரு மின்கம்பியோடு மட்டும் இணைக்கும் வகை, மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி. வெட்டு நேரத்திலும் விளக்கு எரிய பேட்டரியோடு வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும்.

பேனல் தாங்கிகளின் கால்களை மட்டும் மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு பூசும் முன்பே ஊன்றிவிடுங்கள். நான் பிறகு துளையிட்டதால், ஒழுகாமல் அடைக்க முழு நாள் போனது.