391-இல் நின்ற பீக்

எங்கள் வீட்டில் மஞ்சள் வெள்ளாமை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்தே அதற்கு மஞ்சள் நிறம் தரும் குர்குமினைத்தான் ஆய்வுக்கு எடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்கள் கல்லூரியில் இல்லை. கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொது ஆய்வகத்துக்குத்தான் சாம்பிளைக் கொண்டுபோக வேண்டும்.

படிவத்தில் சேர்மத்தின் பெயர், மூலக்கூறு எடை, கரைப்பான், கைடு கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். கரைப்பான் கட்டத்தில் பாஸ்பேட் பஃபர் என்று எழுதியிருந்தேன். கருவியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா அங்கேயே நிறுத்திவிட்டார். பாஸ்பேட் ஆவியாகாது, கருவியின் வாயிலில் உப்பாகப் படிந்துவிடும். பொதுக் கருவி என்பதால், அடுத்து வருகிறவரின் வேலையும் கெடும். சரி என்று திரும்பி வந்து, மெத்தனாலில் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் சேர்த்து மறுபடி தயாரித்தேன். 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, வெளிச்சத்தில் குர்குமின் சிதையும் என்பதால் சாம்பிள் குப்பிக்கு அலுமினியத் தாள் சுற்றி பஸ் ஏறினேன்.

அடுத்த ஸ்லாட்டில் திரையில் 369 வந்தது. குர்குமினோடு ஒரு புரோட்டான் சேர்ந்தால் அதுதான். ஆனால் 391-இல் அதைவிடப் பெரிய பீக், அதாவது கோட்டில் எழும் கூர்முனை. குர்குமினோடு சோடியம் ஒட்டினால் 391 வரும் என்று படித்திருந்ததால் எனக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மிணி, பிளாங்க் எங்கே?" என்றார் அண்ணா.

பிளாங்க் என்றால் மஞ்சள் சேர்க்காத வெறும் கரைப்பான். நான் கொண்டுபோகவில்லை. என் பாட்டிலில் மிச்சமிருந்த மெத்தனாலை மட்டும் ஓட்டிப் பார்த்தார். அதிலும் 391 அதே உயரத்தில் நின்றது. எனக்கு முகமே செத்துவிட்டது. பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் தாலேட்டும் 391-இல்தான் வருமாம். நுணுக்கமாக அளந்தால் அது 391.28, சோடியம் சேர்ந்த குர்குமின் 391.12. அன்று ஓட்டிய கருவிக்கு அந்த வித்தியாசம் பிடிபடாது. கேனிலிருந்து மெத்தனாலை வளைகிற பிளாஸ்டிக் குழாய் வைத்து இறக்கியிருந்தேன், அது அப்போதுதான் உறைத்தது. யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பீக்கை ஆய்வேட்டில் சோடியம் என்றே எழுதியிருப்பேன்.

மூன்றாவது முறை எல்லாமே கண்ணாடி. பிளாங்கையும் சாம்பிளைத் தயாரித்த அதே வழியில், மஞ்சள் மட்டும் இல்லாமல் தயாரித்தேன். அண்ணா அதைத்தான் முதலில் ஓட்டினார். 391 கிட்டத்தட்ட காணோம். அப்புறம் சாம்பிள்: 369, கூடவே மஞ்சளில் குர்குமினோடு இருக்கும் அதே குடும்பத்துக் கூட்டாளிகள் இருவரும் 339, 309 என்று வரிசையாக வந்தார்கள். 391 இருந்தது, சின்னதாக. இந்த முறை சோடியம்தான்.