கச்சான் வரும் வழி

தங்கச்சியின் கல்யாணக் கார்டைப் பசறையில் இருக்கும் அப்பாவின் பழைய கூட்டாளிக்குக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றார் அம்மா. தபாலில் போட்டால் மரியாதை இல்லையாம். சரி என்று ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மச்சானின் கிழட்டு டொல்பின் வேனில் மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிட்டோம். கச்சான் உச்சத்தில் அடிக்கிற நேரம்.

கச்சான் என்றால் பலருக்கு முதலில் கடலைதான் ஞாபகம் வரும். நான் சொல்வது காற்றை. மேற்கிலிருந்து வந்து உதட்டை வெடிக்க வைத்து, கொடியில் காயும் சாரத்தை அப்பளமாக்கிவிட்டுப் போகும் காற்று.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை என்று மலையெல்லாம் சுற்றி வரும் ஏ-5 வீதி செங்கலடியில் முடிகிறது. நாங்கள் அதை வாலில் பிடித்தோம். யுத்த காலத்தில் ஆமிப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் எல்லையாக இருந்த கறுத்தப்பாலம் தாண்டுவது வேறு நாட்டுக்குள் போவது மாதிரி. இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று... இப்போது மச்சான் கியரைக்கூட மாற்றவில்லை. கரடியனாறு வந்தது. வீதி வேலைக்கென்று வைத்திருந்த வெடிமருந்து 2010 செப்டம்பரில் இங்கே பொலிஸ் நிலைய வளவில் வெடித்துப் பலர் செத்துப்போனார்கள். வழுக்கிக்கொண்டு போகும் இந்தத் தாரில் ஓடும்போது அது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

குளத்துத் தண்ணீர் பாயும் வரைதான் பச்சை. புல்லுமலை கழிந்ததும் காடு வெளிறிவிட்டது. முதிரையும் வீரையும் இலை சுருண்டு நிற்க, தரையெல்லாம் செம்மண் புழுதி. வீதியோரத்தில் யானை லத்தி, அதிலிருந்து இன்னும் ஆவி. மச்சான் வேனை நிறுத்தாமலே எட்டிப் பார்த்து, “இப்பதான் போயிருக்கு” என்றான். அதற்குப் பிறகு மகா ஓயா வரைக்கும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகள். இந்த வெயிலில் எவன் சுடுதண்ணியில் குளிப்பான் என்று நினைத்துக்கொண்டு போனால், அங்கே குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கிணறு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு. எரிமலை ஒன்றும் கிடையாது. பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்குப் போன நீர் சூடேறித் திரும்பி வருகிறது. நான் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன். மறுகா நிழலைத் தேடி ஓடினேன்.

பதியத்தலாவை, பிபிலை கடந்ததும் ஏற்றம். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. லுணுகலைக்குச் சற்று முன்னால் வேனின் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைத் தொடப்போன என் கையை மச்சான் தட்டிவிட்டான். “பொறுடா, முகத்தை அவிச்சுப்போடும்.”

எதிரே ஒரு தகரக் கொட்டில், தேத்தண்ணிக் கடை. உள்ளே மலையகத்து ஐயா ஒருவர். “ஒக்காருங்க தம்பி, வண்டி ஆறட்டும்.” வெறுந்தேத்தண்ணி வந்தது. காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துவிடுவது போல அடித்தது. குளிர்ச்சி கொஞ்சம் உண்டு, ஈரம் மட்டும் இல்லை. வீட்டு முற்றத்தில் அடிக்கிற அதே வறட்டுக் காற்று. மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு மலை தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் எங்கிருந்து வரும்? இறங்க இறங்கச் சூடேறி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக்கு வரும்போது அடுப்பு வாய்.

“காத்து பொல்லாததா இருக்கே ஐயா” என்றேன்.

“இது அடிச்சாத்தான் கொழுந்துக்கு வாசம் தம்பி. மழை காலத்துல வந்து குடிச்சுப் பாருங்க, வெறும் சாயத்தண்ணி.”

இந்த மலைப்பக்கத்து ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவது ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கும் இந்த வறண்ட காற்றுதான். நாங்கள் திட்டித் தீர்க்கிற காற்றை அவர் விருந்தாளி மாதிரிப் பேசினார். இன்னொரு தேத்தண்ணி கேட்டேன். மூக்குக்குக் கிட்டே பிடித்தேன். பூவும் இல்லை, புதினாவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசம். வரும்போது அரைக் கிலோ தூள் வாங்கிக்கொண்டோம்.

பசறையில் கார்டு கொடுத்ததும் வயிறு வெடிக்கச் சாப்பிட்டதும் வழக்கமான கதை. இறக்கத்தில் மச்சான் ஏறிய கியரிலேயே இறக்கினான், பிறேக்கை நம்பவில்லை.

வீடு வந்து சேர இரவு ஒன்பது. முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. அம்மா தூள் பையை வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: “மலையில நல்ல குளிராடா?”

“அங்கயும் கச்சான்தான் அம்மா.”