ஐஸ் கம்பெனிக் குளிர்

2025 பிப்ரவரி 24, திங்கள்

மூன்று வருடமாக எனக்கு என்ன என்று இன்று தெரிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். டி.எஸ்.ஹெச். 48. நாலுக்குள் இருக்க வேண்டியதாம். தைராய்டு சுரப்பி சரியாகச் சுரக்காவிட்டால், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி அதை "சுர, சுர" என்று விரட்டுகிறது. அந்த விரட்டலின் அளவுதான் டி.எஸ்.ஹெச். எனக்கு அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. அடுத்த வரியில் ஆன்டி டி.பி.ஓ., 600-க்கு மேல். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அந்நியன் என்று நினைத்துத் தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பெயர் ஹாஷிமோட்டோ.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். பயத்தில் இல்லை. பாம்பன் ஐஸ் கம்பெனியில் பில் எழுதுகிறேன். மூன்று வருடமாக எனக்குக் குளிர்கிறது. சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டுச் சால்வை போர்த்திக்கொள்வேன். "ஐஸ் கம்பெனியில இருந்தா குளிராம என்ன செய்யும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அதே கட்டடத்தில் வெறும் மேலோடு ஐஸ் கட்டியைத் தள்ளுகிறவர்களுக்கு வேர்த்துக் கொட்டுவதை நான் தினமும் பார்த்தேன். அது எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

முதல் மாத்திரை. 50 மைக்ரோகிராம் தைராக்ஸின். சின்னஞ்சிறு மாத்திரைதான். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எதுவும் கூடாது, காபியும்தான்.

அத்தை ஆறு மணிக்கு வழக்கம்போல காபி கொண்டுவந்து நீட்டினார்கள். ஆறரைக்குத்தான் குடிக்கலாம் என்று சொன்னதற்கு, "மாத்திரைக்கு ராகுகாலமெல்லாம் உண்டா?" என்றார்கள். காபி மருந்தை உடம்பில் சேரவிடாது அத்தை என்றேன். சரி என்று திரும்பக் கொண்டுபோய் மூடி வைத்தார்கள். கோபம் இல்லை, காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன், என்னைப் போல யாராவது படித்தால் உதவும். முன்பு போன இடத்தில் சோகை என்று எனக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒருவரும் தைராய்டைப் பார்க்கவில்லை. அந்த இரண்டையும் தைராக்ஸினோடு சேர்த்துப் போடக் கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இனி அவை இரண்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

மார்ச் 2, ஞாயிறு

மாசி அமாவாசை கழிந்து நீர் வற்றியிருக்கிறது. அம்மா பாசிக்குப் போயிருந்தாள். சின்னப்பாலத்துப் பெண்கள் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் போவார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். அம்மா பத்து வயதில் ஆரம்பித்தவள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கரையில் பாசி காய்ந்துகொண்டிருந்தது, ஆனால் அவள் பங்கு மற்றவர்களுடையதில் பாதிதான். படுத்திருந்தாள். முங்கினால் மூச்சு நிற்கவில்லை என்றாள். இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறாள். அவள் குரல் தடித்துவிட்டது, உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து அப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு. முன்பெல்லாம் அவள் கரையில் நின்று கூப்பிட்டால் வள்ளத்தில் இருக்கிற அப்பாவுக்குக் கேட்கும்.

என் நோயைச் சொன்னேன். "அய்யோ தாயி, கடல்கரையில பிறந்த புள்ளைக்குத் தைராய்டு வருமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நானும் அதையேதான் டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

அந்தக் கேள்விக்கு வருகிறேன். அயோடின் குறைந்தாலும் தைராய்டு கெடும், கழுத்தில் கழலை வரும். அதற்காகத்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். ஆனால் என்னுடையது அந்த வகை இல்லை. பற்றாக்குறையால் வந்ததல்ல, எதிர்ப்புச் சக்தி தவறியதால் வந்தது. கடல் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் இதற்கு ஒன்றுதான்.

இதைச் சொல்லக் காரணம், ஒரு வாரத்துக்குள் ஊர் எனக்குக் கொடுத்த வைத்தியங்கள். கம்பெனியில் ஒருவர் அயோடின் உப்பை விட்டுவிட்டு வாலிநோக்கத்துப் பக்கம் போய் உப்பளத்துக் கல் உப்பு வாங்கி வரச் சொன்னார். இன்னொருவர், "பாசி ஊர்க்காரி, பாசியையே பொடி பண்ணித் தின்னு, அயோடின் கொட்டிக் கிடக்கு" என்றார். இரண்டும் தப்பு. கடலிலிருந்து வந்ததென்றாலும் பாத்தியில் விளைந்த கல் உப்பில் அயோடின் மிகக் கொஞ்சம், ஆலையில்தான் தனியாகச் சேர்க்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற அயோடின் உப்பிலேயே அது கிடைக்கும், மாற்ற வேண்டாம். ஆனால் பாசிப் பொடி, பாசி மாத்திரை என்று அயோடினை அள்ளிப் போட்டால், ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்குச் சுரப்பு இன்னும் படுக்கும்.

முட்டைக்கோஸையும் தொடாதே என்றார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதாம். அத்தை வைக்கிற முட்டைக்கோஸ் பொரியலை விடச் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

பதினாறு நாள் ஆகிவிட்டது, ஒரு மாற்றமும் இல்லை. மதியம் பில் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டேன். 14 ஐஸ் கட்டியை 41 என்று எழுதி, படகுக்காரர் வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. முடி சீப்போடு வருகிறது. புருவத்தின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் இன்றுதான் கவனித்தேன், அதுவும் இந்த நோயின் அடையாளம்தானாம்.

மைனியிடம் புலம்பினேன். மைனி மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறார், இங்கே பெப்சிப் பாசி என்று சொல்வார்களே அது. "நான் கயித்துல நாத்து கட்டிட்டு 45 நாள் காத்துக் கெடக்கேன். நடுவுல இழுத்து இழுத்துப் பாத்தா வளருமா?" என்றார். எனக்கும் கணக்கு அதேதான். மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும், அதனால் ஒரு அளவு நிலைப்பட ஆறு வாரம் வேண்டும், அதற்கு முன் சோதித்துப் பயனில்லை என்று டாக்டரம்மாவும் சொல்லித்தான் அனுப்பினார்.

மார்ச் 19, புதன்

எதிர்வீட்டு லாத்தாவுக்கும் தைராய்டு, பதினோரு வருடமாக. இத்தனை நாள் எனக்குத் தெரியாது! நோன்பு மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடுகிறாராம், டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்றியிருக்கிறார். எந்த நேரமானாலும் வயிறு காலியாக இருக்க வேண்டும், தினமும் ஒரே நேரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மாத்திரைப் பாட்டிலை அடுப்படியில் வைக்காதே, இந்த உப்புக் காற்றும் வெக்கையும் மருந்தைக் கெடுத்துவிடும். நான் அடுப்பு மேடையில், காபிப் பொடிக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். வந்ததும் முதல் வேலையாக, மூடியை இறுக்கிப் படுக்கையறைப் பீரோவுக்கு மாற்றினேன்.

நோன்பு திறக்கச் செய்த கடல்பாசியை ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். அம்மா மாதிரிப் பெண்கள் எடுக்கிற கஞ்சிப்பாசிதான் ஆலைக்குப் போய் அகராகி, பாலும் சர்க்கரையும் சேர்ந்து இப்படித் திரும்பி வருகிறது. ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆறு வாரம் ஆனதும் ரத்தம் கொடுக்கப் போனேன். புதுப் பாம்பன் பாலம் ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தது. இரண்டு வருடத்துக்கும் மேல் ரயில் இல்லாமல் இருந்த ஊர். இன்று ரயிலிலேயே ராமநாதபுரம் போனேன். பாலத்தின் மேல் எல்லோரும் ஜன்னலுக்கு வந்து கடலைப் பார்த்தார்கள். எனக்கு வேறொன்று பட்டது: நான் உட்கார இடம் தேடவில்லை. கதவுப் பக்கம் நின்றுகொண்டே வந்திருக்கிறேன்.

டி.எஸ்.ஹெச். 11. டாக்டரம்மா மாத்திரையை 75 ஆக்கினார். ஆன்டி டி.பி.ஓ.வையும் திரும்பப் பார்க்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை, அது நோய் என்னவென்று காட்டிவிட்டது, இனி அதன் எண்ணைத் துரத்திப் பணம் செலவழிக்காதீர்கள் என்றார்.

அப்புறம், இரண்டு வருடம் முன்பு எனக்குக் கர்ப்பம் கலைந்ததைப் பற்றி முதல் தடவையாக அவரிடம் பேசினேன். இதனால்தானா என்று கேட்டேன். "கட்டுப்பாட்டில் இல்லாத தைராய்டால் அப்படி ஆகலாம். உங்களுக்கு அதனால்தான் ஆனது என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். அடுத்த முறை டி.எஸ்.ஹெச். 2.5-க்குள் வந்த பிறகுதான் திட்டமிட வேண்டும், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வந்து மாத்திரை அளவைக் கூட்ட வேண்டும். அவர் அப்படி நேராகச் சொன்னது நல்லதாக இருந்தது. இவ்வளவு நாள் அந்த மாதம் நான் ஏறிய படிகளையும் தூக்கிய குடங்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று இரவு என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வெகுநேரம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம். விசைப்படகெல்லாம் கரையில். ஐஸ் கம்பெனியில் பாதி நாள்தான் வேலை. இரவில் ஹாஷிமோட்டோ யாரென்று தேடிப் படித்தேன். ஜப்பானியர், அறுவை சிகிச்சை மருத்துவர். 1912-ல் ஜெர்மன் மொழியில் இந்த நோயைப் பற்றி எழுதினார். நாலே நாலு நோயாளிகள், நாலு பேரும் பெண்கள். அப்புறம் ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1934-ல் டைபாய்டில் இறந்துபோனார். எதிர்ப்புச் சக்திதான் காரணம் என்று 1956-ல் கண்டுபிடித்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்த நாலு பெண்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வீங்கி வந்தவர்கள், அதனால்தான் பார்த்தார்கள். கழுத்து வீங்காமல் வெறுமனே படுத்துக் கிடந்தவர்களை யார் பார்த்திருப்பார்கள்?

அப்போதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. தடித்த குரல். உப்பின முகம். கடலில் நிற்காத மூச்சு. இந்த நோய் குடும்பத்தில் வருமென்று லாத்தா சொல்லியிருந்தும் எனக்குத் தோன்றவில்லையே.

மே 1, வியாழன்

தடைக்காலத்தில் பாசிக்கும் போவதில்லை என்று பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அதனால் அம்மா வீட்டில் இருந்தாள், போன வாரம் கூட்டிப்போக முடிந்தது. டி.எஸ்.ஹெச். 86.

இதை எழுதத்தான் வேண்டும். அம்மாவை நான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். நாலு வருடம் முன்பு என் வளைகாப்புக்கு வந்தவள் வேலை செய்யாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள் என்று எல்லோர் முன்னாலும், "எப்பப் பாரு ஒக்காந்தே இரு" என்றேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். இன்று அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கே அப்படித்தானே ஆத்தா தோணுச்சு, மேலு வளைய மாட்டேங்குதேன்னு" என்றாள்.

வயதானவர், இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று இ.சி.ஜி. எடுத்து, 25 மைக்ரோகிராமில் தொடங்கியிருக்கிறார்கள். மெதுவாகத்தான் கூட்டுவார்களாம். கடலில் முங்குவது இப்போதைக்கு வேண்டாம்.

மே 26, திங்கள்

எனக்கு டி.எஸ்.ஹெச். 2.4. அளவு மாற்ற வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். பயோட்டின் சேர்ந்த முடி மாத்திரை ஏதாவது எடுத்தால் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள், அது எண்ணைக் குழப்பும் என்றார் டாக்டரம்மா. கச்சான் காற்று மண்ணை வாரி வீசுகிறது. முடி கொட்டுவது குறைந்திருக்கிறது, எடை ஒன்றரைக் கிலோதான் இறங்கியது. மாத்திரை போட்டால் பழைய உடம்பு முழுதாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சில நாள் இன்னும் நாலு மணிக்குக் கை கால் விட்டுப்போகிறது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. கம்பெனியில் மூன்று நாளாகத் திருவிழாக் கூட்டம். இன்று ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் பில் எழுதினேன், ஒன்றும் தப்பில்லை. மதியம் ஃபேனைப் போடச் சொன்னேன். பையன் திரும்பிப் பார்த்து, "அக்கா, நீங்களா?" என்றான்.

ஜூலை 3, வியாழன்

அம்மாவுக்கு 86-லிருந்து 39. மாத்திரை 50 ஆனது. முகத்தில் வீக்கம் வடிந்து கன்னத்து எலும்பு தெரிகிறது. கடலுக்கு எப்போது போகலாம் என்று டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் பொறுங்கள் என்றார்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து கரை வழியாக வந்தேன். காற்று எதிர்க்காற்று. மைனியின் மிதவைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தூரத்தில் அம்மா, பாசி காய்கிற தார்ப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.