அட்டையில் கால் இருக்கிறது, கை இல்லை

குரூப் 4 தேர்வில் நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத அனுமதி கிடைத்துவிட்டது. அதற்கான ஒற்றைத் தாளுக்கு உசிலம்பட்டிக்கும் மதுரைக்குமாக நான்கு முறை அலைந்தேன்.

எனக்கு இருப்பது ஜிஎன்இ மயோபதி, அரிதான பரம்பரைத் தசை நோய். முதலில் பாதம் தொங்கும். செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடக்கும். விரல்களுக்கு வரச் சில வருடங்களாகும். எனக்கு வந்துவிட்டது. மாதிரித் தேர்வில் அறுபதாவது வட்டத்தைக் கருப்பாக்கும் முன்பே பேனா நழுவுகிறது. கேள்விகளோ 200. விடை தெரியவில்லை என்று சொல்வதற்குக்கூட ஒரு வட்டத்தை நிரப்பியாக வேண்டும்!

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியபோது விரல்கள் நன்றாக இருந்ததால் 'இரு கால்கள்' என்று பதிந்துவிட்டார்கள். அப்போதிருந்த மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, இரு கைகளும் பாதிக்கப்பட்டவர் கேட்டாலே எழுதுபவர் உண்டு என்றிருந்தது. என்னைப் போன்றவர்கள் அரசு மருத்துவமனையில் தனிச் சான்று வாங்க வேண்டியிருந்தது.

முதல் முறை படிவம் கொண்டுபோகவில்லை, என் தவறுதான். தேர்வு அறிவிக்கையிலுள்ள படிவத்தை நீங்களே அச்செடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை கையெழுத்திட வேண்டியவர் விடுப்பு. ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பெருவிரல் இடிக்க இடிக்க மாடியேறிய பிறகுதான் அதைச் சொன்னார்கள். மூன்றாம் முறை எழுத்தர் அட்டையைப் புரட்டினார்.

"கால்தானே தம்பி? எழுதுவது கையால்தானே?"

அவர் உட்கார்ந்திருந்தது போன்ற நாற்காலிக்காகத்தான் நான் படிக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான்காம் முறை அம்மாவையும் மரபணுப் பரிசோதனை அறிக்கையையும் கூட்டிக்கொண்டு நேராக மருத்துவரிடம் போனேன். அவர் தன் பேனாவை நீட்டி மூடியைக் கழற்றச் சொன்னார். இரண்டு கைகளாலும் முயன்றேன், முடியவில்லை. கடைசியில் பல்லால் இழுத்தேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு என்று அவரே நினைவுபடுத்தினார். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். அட்டையில் கையைச் சேர்க்க மறுமதிப்பீடு கேட்கவும் சொன்னார். நோய் கூடக்கூட அட்டையையும் மாற்றிவிடுங்கள். நான் சோம்பலில் விட்டுவிட்டேன்.

'எழுத இயலாதவர்' என்ற சான்றை வாங்கக் கீழே வந்தால், எழுத்தர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போடுங்கள். தெளிவாக."