பிறந்த வீட்டுக் கோடி

மேடம் அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னபோது நான் மறுத்துப் பேசினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் மனசு முதலில் இங்கேதான் வந்து நிற்கிறது. மறுத்துப் பேசினேன். எவ்வளவு நேரம் என்றால், கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. அப்புறம் டைம்லைனில் அந்த இடத்தை வெட்டியது நான்தான்.

இன்டர்ன்ஷிப்பில் நாங்கள் எடுத்த சட்ட விழிப்புணர்வுப் படங்களில் ஒன்று அது, நான்கு நிமிடம். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கு உள்ள பங்கு பற்றியது. செல்லம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா கேமரா முன்னால் இப்படிச் சொன்னார்: "எனக்கும் பங்கு இருக்குன்னு தெரியும் பாப்பா. கேட்டா வாங்கிரலாம். ஆனா நாஞ் செத்துக் கெடக்கும்போது பெறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டாருவா?"

கோடி என்றால் இறந்தவருக்காக உறவினர் கொண்டுவரும் புதுத்துணி. படத்தில் முதல் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. மூன்றாவது இல்லை. "வாங்கிரலாம்" என்று அவர் முடித்ததும் என் குரல் தொடங்கும்: வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் சொன்ன காரணத்தை நான் இன்றைக்கும் தட்டிவிட முடியவில்லை. "படம் முடியுற நேரத்துல அந்தம்மா இதைச் சொன்னா, பார்க்கிற அத்தனை பேரும் 'ஆமா, அதானே'ன்னு தலையாட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. சட்டம் சொன்னது எதுவும் மனசுல நிக்காது." நான் அந்த வாக்கியத்தைக் கடைசியில்தான் வைத்திருந்தேன். நடுவில் வைக்கலாமே என்றேன். நடுவில் வைத்தாலும் அதுதான் கடைசியாக நிற்கும் என்றார். அதுவும் உண்மைதான். அந்த வாக்கியத்தின் பலம் அப்படி. பலமாக இருந்ததால்தான் எனக்குப் பிடித்தது, பலமாக இருந்ததால்தான் வெளியே போனது.

அந்தத் தொடரில் மற்ற படங்கள் இவ்வளவு தொந்தரவு கொடுக்கவில்லை. கைது பற்றிய படத்தைச் சட்டென்று முடித்தோம். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கிய விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்ணைக் கைது செய்யக்கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பிரிவு எண்கள் 2024 ஜூலை 1இல் மாறிவிட்டன என்பது மட்டும்தான் தலைவலி. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள், "அப்படியா சட்டம் இருக்கு" என்றார்கள். அந்தப் படத்தில் எதிரே நிற்பவர் போலீஸ்காரர். சொத்துப் படத்தில் எதிரே நிற்பவர் அண்ணன்.

அந்த அம்மாவைப் பேட்டிக்குத் தேர்ந்தெடுத்ததற்கு எங்கள் வக்கீல் சார்தான் காரணம். விவரம் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணம் எப்போது என்று கேட்டால், "எம்ஜிஆர் செத்ததுக்கு மறு வைகாசி" என்றார் அந்த அம்மா. அதாவது 1988. தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. ஒரு வருடத்தில் தப்பிப்போனது. பிறகு 2005 செப்டம்பர் 9இல் மத்திய அரசின் திருத்தம் வந்து, கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பிரிவை எடுத்துவிட்டது. ஆனால் அவருடைய அப்பா 2003இலேயே இறந்துவிட்டார். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபடி வெளியே. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்படி ஒன்றும் வேண்டியதில்லை, பங்கு என்பது பிறப்பால் வருவது என்று தீர்ப்பளித்தது. மறுபடி உள்ளே. அப்பாவின் பாகத்தில் ஒரு சிறு துண்டு அவருக்கு எப்போதும் இருந்தது. அண்ணனுக்குச் சமமான பங்குதான் இத்தனை தடவை வந்து வந்து போனது. "ஒரே ஆளை வச்சு முழுச் சட்டத்தையும் சொல்லிரலாம்" என்றார் வக்கீல் சார்.

உண்மையில் இதில் பாதிகூடப் படத்தில் இல்லை. நான்கு நிமிடத்தில் எங்கே வைப்பது? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள் என்று நான் எழுதிய தொடக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அது நான் படித்துத் தெரிந்துகொண்டது. கோடி பற்றிய வாக்கியம் அப்படி இல்லை.

பேட்டியின்போது அவர் எழுந்து உள்ளே போய் மொய் நோட்டை எடுத்துவந்தார். நாங்கள் கேட்கவில்லை. மூத்தவளுக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், இளையவளுக்கும் அதே வரிசை. ஒவ்வொன்றிலும் முதல் வரி தாய்மாமன் சீர். எத்தனை பவுன், பாத்திரம் என்ன, ரொக்கம் என்ன. வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், வீட்டுக்காரர் இறந்த பக்கம் வந்ததும் அங்கே நிறுத்திவிட்டு, "அன்னைக்கும் அதுதேன் முன்னாடி நின்னுச்சு" என்றார். அதன் பிறகுதான் பங்கு பற்றிய பேச்சு வந்தது.

இதை வக்கீல் சாரிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சீர் குடுத்ததுக்கும் பங்குக்கும் சட்டத்துல சம்பந்தமே இல்லம்மா. நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, அதனால பங்கு இல்லைங்கிறதும் செல்லாது." சரிதான். ஆனால் எங்கள் படங்கள் எல்லாம் ஒரே நம்பிக்கையில் எடுக்கப்பட்டவை: மக்கள் உரிமையைக் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் தெரியாமை, தெரியவைத்தால் கேட்பார்கள். இந்த அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் போகும் முன்பே தெரியும். அவரிடம் ஒரு கணக்கு நோட்டும் இருந்தது. நாங்கள் அவருக்குச் சொல்ல வேண்டியது எது என்பது எனக்கு அப்போதே குழம்பிவிட்டது.

அல்லது, அப்போது குழம்பவில்லை, பிறகுதான் குழம்பியது. அன்றைக்கு ஆரப்பாளையம் திரும்பும் பஸ்ஸில் "சூப்பர் சவுண்ட் பைட் கிடைச்சிருச்சுடா" என்று கேமரா பிடித்த நண்பனிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

படத்தை அந்த ஊர் மந்தைத் திடலிலேயே மகளிர் குழுப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் கேள்விகள் வந்தன. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை உயில் எழுதி மகனுக்கு மட்டும் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கொடுக்கலாம் என்று வக்கீல் சார் சொன்னதும் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. வக்கீலுக்குக் காசு யார் தருவது என்று கேட்டார் இன்னொருவர். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100க்குப் போன் செய்யலாம் என்றோம். பலர் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். படம் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"படம் நல்லாருக்கு. நான் கோடி பத்திச் சொன்னேனே, அது வரலயே?"

"நேரம் பத்தலைம்மா" என்றேன். படம் நான்கு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வாக்கியம் ஏழு வினாடிகூட வராது.

"இதைப் பாத்தா எங்கண்ணன் நான் கேசு போடப் போறேன்னுல்ல நெனைக்கும்."

எனக்குப் பகீரென்றது. மொய் நோட்டும் தாய்மாமன் சீரும் அந்த மந்தையில் எனக்கு முன்னால் வந்து நின்றன. "எடுத்துரவாம்மா? மேடத்துக்கிட்டச் சொல்லி உங்க பகுதியையே எடுத்துரலாம்" என்றேன். எனக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் ஏதும் கிடையாது. ஆனால் சொன்னால் செய்வார்கள் என்று நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேணாம் பாப்பா. பாத்தாப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. அவர் அண்ணன் படத்தைப் பார்த்தாரா, பார்த்து என்ன சொன்னார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பதிலை நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒரு விதமாகப் பார்த்தால் அது மரியாதை. மதுரையிலிருந்து வந்த பிள்ளைகள், மேடத்திடம் இவர்களுக்கு ஏச்சு விழக்கூடாது, போகட்டும். நம் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் இப்படித்தான் விட்டுக்கொடுப்பார்கள். அப்படியென்றால் நான் கேட்டதே தப்பு. கேட்காமல் எடுத்திருக்க வேண்டும். இன்னொரு விதமாகப் பார்த்தால் அலுப்பு. கையெழுத்து வாங்கியாகிவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது, இனி என்ன. கையெழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது: சம்மதப் படிவத்தில் 'தேவைக்கேற்பத் தொகுக்க உரிமை உண்டு' என்று ஒரு வரி இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. நாங்களும் படித்துக் காட்டவில்லை. அதே படத்தில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்கிறேன்.

மூன்றாவது விதம் ஒன்று உண்டு. அதில்தான் நான் அடிக்கடி போய் நிற்கிறேன். அண்ணன் பார்க்க வேண்டும் என்று அவரே நினைத்திருக்கலாம். மொய் நோட்டைக் காட்டும்போது, போன வருடப் பொங்கல் சீரை அண்ணன் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டிருந்தார், நேரில் வரவில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரம் காலர் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் சார் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது வேறு இதனோடு சேர்ந்துகொள்கிறது: "கேசே போட வேணாம். நிலத்தை விக்கிற அன்னைக்கு, வாங்குறவனோட வக்கீல் பொம்பளைப் பிள்ளை கையெழுத்து எங்கன்னு கேப்பான். அன்னைக்கு அண்ணன் இந்தம்மா வீட்டு வாசலுக்கு வந்துதான் ஆகணும்." இது படத்தில் வந்திருக்க வேண்டிய விஷயம், வரவில்லை. அந்த அம்மா அந்த நிலத்தில் இன்னும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருவேளை அவர் இதையும் முன்பே யோசித்து வைத்திருப்பார். வாயால் சொன்னால் பிறந்த வீடு போய்விடும். எங்கள் படம் சொன்னால், 'பிள்ளைக வந்து எடுத்தாங்க, எனக்கென்ன தெரியும்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் என் வெட்டு அவருக்கு உதவியிருக்கிறது. மூன்றாவது வாக்கியம் இருந்திருந்தால் அண்ணன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே இதை முழுசாக நம்பவும் முடியவில்லை. பொங்கல் சீரை ஞாபகம் வைத்திருக்கிறேன். "வேணாம்" என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பது ஞாபகத்தில் இல்லை. எனக்குத் தோதானது மட்டும் தங்கியிருக்கிறதோ என்னவோ. கல்லூரிக்குக் கொடுத்த அறிக்கையில் 'கற்றவை' என்ற தலைப்பின் கீழ், களத்தில் மக்களின் குரலைச் சிதைக்காமல் பதிவுசெய்யக் கற்றேன் என்று எழுதினேன். அதற்கு மதிப்பெண்ணும் வந்தது.

மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன் என்று சில நாள் தோன்றும். மந்தையில் எண்ணைக் குறித்துக்கொண்ட பெண்களில் ஒருத்தியாவது போன் செய்திருப்பாள் அல்லவா? கோடி பற்றிய வாக்கியம் இருந்திருந்தால் அவளும் குறித்திருக்க மாட்டாள். ஆனால் போன் செய்தவளுக்குப் பிறகு என்ன ஆனது, அவளுக்கு யார் கோடி கொண்டுவருவார்கள் என்று ஐந்தாவது நிமிடத்தில் சொல்லும் படம் எங்களிடம் இல்லை. அதைச் சட்ட விழிப்புணர்வுப் படம் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். யார் சொல்வது என்று கேட்டால் பதில் இல்லை.

படத்தை என் அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். என் தாத்தாவுக்கும் நிலம் உண்டு, அம்மாவுக்கும் தம்பிகள் உண்டு, அதனால் கொஞ்சம் தயங்கித்தான் அனுப்பினேன். பார்த்துவிட்டுப் போன் செய்தார். என் குரல் தெளிவாக இருப்பதாகச் சொன்னார். விட்டுப்போன வாக்கியத்தை நான் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை.

"அந்தம்மாவுக்கு எத்தனை அண்ணன் தம்பி?" என்று கேட்டார்.

"ஒரே அண்ணந்தாம்மா."

"அப்பக் கஷ்டந்தான். எனக்கு ரெண்டு பேரு இருக்காங்க" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.