பின்தளத்தில் நிற்பவருக்கு: பாஸ் மீன்பிடிப் போட்டிக்கு முதன்முறையாகச் செல்லும்முன்

சொந்தமாகப் படகு இல்லாதவரும், பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளில் கலந்துகொள்ள முடியும் என்பது அமெரிக்காவில் வாழும் நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. ஃபீனிக்ஸ் பாஸ் ஃபிஷிங் லீக் போன்ற தொடர்களில் படகுக்காரர்கள் ஒரு பிரிவிலும், அவர்களுடைய படகின் பின்தளத்தில் நின்று தூண்டில் வீசுபவர்கள் இன்னொரு பிரிவிலும் போட்டியிடுகிறார்கள். முன்னவரைப் போட்டர் என்றும் பின்னவரைக் கோ-ஆங்லர் என்றும் அழைப்பது வழக்கம். யார் யாருடைய படகில் ஏற வேண்டும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. கோ-ஆங்லர் பிடித்த மீன்களின் எடைக் கணக்கு மற்றக் கோ-ஆங்லர்களோடு மட்டுமே ஒப்பிடப்படுவதால், அவரும் படகுக்காரரும் ஒருவருக்கொருவர் எதிராளிகள் அல்லர். நுழைவுக் கட்டணமும் படகுக்காரர் செலுத்துவதில் ஏறத்தாழப் பாதிதான். இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிக்கனமான வழி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் முன்பின் அறியாத ஒருவருடைய படகில், அவர் நாள்கணக்கில் அலைந்து கண்டறிந்து வைத்திருக்கும் இடங்களில், ஏறக்குறைய ஒரு முழுப் பகலைக் கழிக்கப் போகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. படகு எங்கே செல்லும், எவ்வளவு நேரம் நிற்கும், எந்தக் கரையை ஒட்டி நகரும் என்பவையெல்லாம் அவருடைய முடிவுகள். இதை மனதார ஏற்றுக்கொண்டு, அவருடைய இடத்தையும் நேரத்தையும் எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்பவருக்கே மீனும் அதிகம் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒழுங்காகத் தயாராகி வந்தவரின் தூண்டில் நாள் முழுவதும் நீரில் இருக்கிறது; மற்றவர் பையைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

தயாரிப்பு முந்தின நாள் மாலையிலேயே, இணை அறிவிக்கப்பட்டவுடன் தொடங்கிவிடுகிறது. படகுக்காரரை அழைத்து, காலையில் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது, எத்தனை தூண்டில் கோல்களுக்கு இடம் இருக்கும், நீருக்கடியில் புல் வளர்ந்த ஆழமற்ற பகுதிகளில் பிடிக்கப்போகிறாரா அல்லது ஆழமான பகுதிகளிலா என்று கேட்டுக்கொள்ளலாம். இடத்தின் பெயரைக் கேட்கக் கூடாது. இதுவே முதல் போட்டி என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலானோர் அதைக் கேட்டதும் கூடுதல் அக்கறை காட்டுகிறார்கள். படகை ஏற்றிவரும் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டத் தெரியுமானால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் இறங்குதுறையில் வரிசை நீளும்போது வண்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பது படகுக்காரருக்குப் பெரிய உதவி. தெரியாவிட்டால் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே ஒரு காலி வாகன நிறுத்துமிடத்தில் யாரிடமாவது பழகிக்கொள்வது வீண்போகாது.

பெட்ரோல் செலவில் பங்கு கொடுப்பது எழுதப்படாத விதி. 200, 250 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின்கள் ஒரே நாளில் குடிக்கும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல. படகைக் கொண்டுவந்த வண்டியின் செலவும், பயிற்சி நாள்களின் செலவும் அதற்கு மேல். பணத்தை ரொக்கமாக, காலையிலேயே, படகு நீரில் இறங்குவதற்கு முன்பு கொடுத்துவிட வேண்டும். மாலையில் கொடுத்தால், கிடைத்த மீனைப் பார்த்துத் தொகையை முடிவுசெய்ததுபோல் ஆகிவிடும்.

எதை எடுத்துச் செல்வது என்பதில்தான் புதியவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். ஐந்து அல்லது ஆறு கோல்கள் போதும். அவற்றில் ஒன்றாவது மெல்லிய தூண்டில் நரம்புடன் கூடிய ஸ்பின்னிங் கோலாக (நரம்புச் சுருள் கோலின் அடியில் தொங்கும் வகை) இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் துணியுறை போட்டுக்கொண்டால் படகுக்காரருடைய கோல்களோடு சிக்காது. பெட்டி பெட்டியாகச் செயற்கை இரைகளைச் சுமந்து வராமல், காலடியில் அடங்கும் ஒரே பைக்குள் எல்லாவற்றையும் அடக்குங்கள். இவ்வகைப் போட்டிகளில் உயிருள்ள இரைக்கு அனுமதி இல்லை என்பதால், பிளாஸ்டிக் புழுக்கள், அவற்றுக்கேற்ற தூண்டில் முட்கள், எடைகள், வேகமாக இழுக்கும் இரைகள் சில ஆகியவையே தேவை. மழையாடையை வானம் தெளிவாக இருந்தாலும் எடுத்துச் செல்ல வேண்டும். விடியற்காலையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் படகு பாயும்போது கோடைக்காலத்திலும் உடல் நடுங்கும்; கண்ணாடி அணியாதவரால் கண்ணைத் திறக்கவே முடியாது. சாப்பாடு ஒரு கையால் சாப்பிடக்கூடியதாக, சிந்தாததாக இருக்கட்டும். நான் சப்பாத்தியைச் சுருட்டி எடுத்துச் செல்கிறேன். வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிடைக்காது என்ற நம்பிக்கை இங்கே மீன்பிடிப்பவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதை வாதிட்டு மாற்றும் இடம் அந்தப் படகு அன்று.

உயிர்காப்பு உடையை நீங்களே கொண்டுவர வேண்டும், பெரிய எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அதைப் பூட்டி அணிந்திருக்க வேண்டும். இது நட்புக்காகச் செய்யும் ஏற்பாடல்ல, போட்டி விதி.

படகு நின்று, முன்தளத்தில் இருப்பவர் மின்மோட்டாரைக் காலால் இயக்கத் தொடங்கியதும் உங்கள் வேலை ஆரம்பமாகிறது. படகின் நடுவிலிருக்கும் ஓட்டுநர் இருக்கையை ஒட்டி ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னாலுள்ள நீர் படகுக்காரருடையது. அவர் இன்னும் தூண்டில் வீசாத மரக்கட்டையையோ படகுத்துறைத் தூணையோ குறிவைத்துப் பின்னாலிருந்து வீசுவது, இந்த விளையாட்டில் மிகுந்த மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அப்படியானால் பின்னால் நிற்பவருக்கு மிச்சம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரி போன்ற புல் மண்டிய நீரில், முன்னால் இருப்பவர் வேகமாக இழுக்கும் இரையோடு பெரும்பரப்பைக் கடந்துபோகிறார். அவருடைய இரையைப் பார்த்தும் கடிக்காத மீன்கள் எத்தனையோ அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் புழுவை மெதுவாக இறக்கி, சற்று நேரம் அசையாமல் கிடக்கவிடுவது பின்தளத்தின் கலை. அவர் வேகமென்றால் நீங்கள் நிதானம், அவர் கரையோரமென்றால் நீங்கள் படகின் மறுபக்கத்து ஆழம், அவர் பெரிய இரை வீசினால் நீங்கள் சிறியது. அவர் செய்வதையே நீங்களும் செய்தால் அவர் வடிகட்டிய நீரில்தான் மீண்டும் வீசிக்கொண்டிருப்பீர்கள்.

முள் எங்காவது சிக்கிக்கொண்டால் படகைத் திருப்பச் சொல்லாதீர்கள். நரம்பை அறுத்துவிட்டு, ஏற்கெனவே கட்டிவைத்திருக்கும் அடுத்த கோலை எடுங்கள். அவர் மீனை மாட்டினால் உங்கள் நரம்பை உடனே சுருட்டிக்கொண்டு, விதிகள் வலையை அனுமதித்தால் வலையோடு நில்லுங்கள். வலையில் ஏந்த வேண்டுமா, தானே தூக்கிக்கொள்வாரா என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்திருப்பது நல்லது. தளத்தின் கம்பளத்தில் சாயம் தோய்த்த புழுக்களைப் போடுவதும், முட்களைச் சிதறவிடுவதும் படகுக்காரரை வேறெதைக் காட்டிலும் புண்படுத்தும். பலர் அந்தப் படகுக்குப் பல ஆண்டுகள் தவணை கட்டுகிறார்கள்.

பிடித்த மீனை உயிரோடு காப்பாற்றுவதில் நான் மிகவும் கண்டிப்பானவன். பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்தும் B.A.S.S. அமைப்பை நிறுவிய ரே ஸ்காட் 1972ஆம் ஆண்டு மீனைக் கொல்லாமல் திருப்பி விடும் வழக்கத்தைப் போட்டிகளில் புகுத்தினார். இந்த ஏரிகளில் இன்றும் போட்டிகள் நடப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். செத்த மீனுக்கு எடை கழிக்கப்படுகிறது. கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள், அளவுப்பலகையில் விரைவாக அளந்து படகிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் விடுங்கள், உங்கள் பக்கத்துத் தொட்டியின் பம்பு ஓடுகிறதா என்று அவ்வப்போது கவனியுங்கள்.

திரும்பும் நேரம் வந்ததும் கடைசியாக ஒரு வீச்சு என்று கெஞ்சக் கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மீன்களின் எடையில் ஒரு பவுண்டு கழிப்பது பெரிய தொடர்களின் விதி, அந்தத் தண்டனை இருவரையும் தாக்கும். எடை போட்டு முடித்தபின் படகை மேலேற்ற உதவுங்கள், உங்கள் குப்பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

பார்த்த இடங்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கைப்பேசியில் குறித்துக்கொள்வதும் தவறு. பல நாள் நடக்கும் போட்டிகளில் நாளுக்கொரு படகுக்காரர் அமைவார். நேற்று எங்கே பிடித்தீர்கள் என்று இன்றைய படகுக்காரர் கேட்டால், அது அவருடைய இடம், சொல்வது முறையல்ல என்று பணிவோடு மறுத்துவிடுங்கள். கேட்டவருக்கு அதில் வருத்தம் இருக்காது; தன்னுடைய இடமும் உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.